ஆயா ஒருவர், வீடுகள் இரண்டு: பொறுப்பு யாருக்கு?

புது தில்லி: கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்கள் நிறைந்த துவாரகா, நொய்டா, குருகிராம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரு குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆயாவை அமர்த்திக்கொள்வதுண்டு. செலவு பகிரப்படுவதால் இரு வீட்டாருக்கும் அது சிக்கனம். ஆயாவுக்கும் ஒரே வீட்டில் கிடைப்பதைவிடக் கூடுதல் ஊதியம். ஆனால், அவருடைய முதுமைக்கும் நோய்க்கும் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடையில்லை.

வீடு நிறுவனமல்ல: 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேரும், பணிக்கொடைக்கு 10 பேரும் பணிபுரியும் நிறுவனமாக இருக்க வேண்டும். இரு வீடுகள் சேர்ந்தாலும் நிறுவனம் ஆகாது. எனவே ஆயா, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நலத் திட்டங்களையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டப் பாதுகாப்பு குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

வரிச் சுமை இல்லை: புதிய வருமான வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை வரி இல்லை. இரு வீடுகளும் தலா ரூ.20 ஆயிரம் கொடுத்தாலும் ஆண்டுக்கு ரூ.4.80 லட்சம்தான். ஆகவே, வரிப் பிடித்தம் செய்யும் நிலை எழாது. அதேவேளையில், ஆயாவுக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தங்கள் ஊதிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள குடும்பத்தினருக்கும் வழியில்லை.

ஓய்வூதியத்தில் சிக்கல்: பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் சேருவோர், வயதுக்கேற்ப மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை செலுத்தினால், அரசும் அதே தொகையைச் செலுத்தும். 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.3 ஆயிரம் கிடைக்கும். பணியாளரின் பங்கை வீட்டுக்காரரே செலுத்தும் வசதி 2022-ல் அறிமுகமானது. ஆண்டு முழுவதற்கும் ரூ.660 முதல் ரூ.2,400 வரைதான் செலவு.

எனினும், மாத வருமானம் ரூ.15 ஆயிரத்துக்கு மிகாதவர்களே இதில் சேர முடியும். ஒரு வீட்டில் ரூ.9 ஆயிரம் பெறுபவர் தகுதி உடையவர். இரு வீடுகளில் ரூ.18 ஆயிரம் பெற்றால் தகுதி இழக்கிறார். அத்தகையவர்கள், வருமான வரி செலுத்தாதவர்களாகவும் 40 வயதுக்கு மேற்படாதவர்களாகவும் இருந்தால், அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். இதில் மாதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை ஓய்வூதியம் பெறலாம்.

எழுத்தில் இருக்கட்டும்: ஒரு குடும்பம் பணியிட மாற்றத்தில் வெளியூர் சென்றால் ஆயாவின் வருமானத்தில் பாதி மறைந்துவிடும். ஆகையால் வேலை நேரம், வார விடுமுறை, ஒரு குழந்தை ஊரில் இல்லாத நாள்களுக்கும் முழுச் சம்பளம், விலகுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்திடுவது நல்லது. அவரவர் பங்கை ஆயாவின் வங்கிக் கணக்கில் செலுத்தினால், பின்னாளில் அவருக்கு அதுவே வருமானச் சான்றாகும். ஓய்வூதியச் சந்தாவையும் இரு வீடுகளும் பகிர்ந்துகொண்டால், சம்பளத்தைப் போலவே பொறுப்பும் பங்கிடப்பட்டதாக அமையும்.