காப்பீட்டு அட்டை: உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்



ஏரி உடைப்பெடுத்த பிறகு மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை. மழைக்கு முன்பே கரையைப் பலப்படுத்த வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் கெடு தேதிக்குள் காப்பீடு கட்டிவிடுகிறோம். ஆனால், அந்தப் பயிரை வைக்கிற உடம்புக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்?

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் எத்தனையோ விதமான பிழைப்பு. செங்கம் சாலையில் பூ விற்கிறவர், டீக்கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுகிறவர். கிரிவலப் பாதையில் அத்தியந்தல், அடி அண்ணாமலைப் பக்கம் கழனி வேலை பார்ப்பவர், கறவை மாடு வைத்திருப்பவர். தொழில் வேறானாலும் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, அடுத்து மாடு போகிறது, கடைசியில் வட்டிக்குக் கடன். நோயாளி பிழைத்துக்கொள்கிறார், குடும்பம் படுத்துவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

இது என்ன திட்டம்?

2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2012 ஜனவரியில் இப்போதைய பெயரில் விரிவாக்கப்பட்டது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு இணைந்தது. 2022 ஜனவரியில் திட்டத்தை நீட்டித்தபோது, குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். முன்பு “உங்களுக்கு வருமானம் அதிகம்” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் இப்போது சேரலாம். அவர்கள் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். இது ஆளுக்கு 5 லட்சம் அல்ல. கூட்டுக் கிணறு மாதிரி. வீட்டில் யாருக்குத் தேவையோ அவர் இறைத்துக்கொள்ளலாம், மொத்த நீர் ஒன்றுதான். பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. அட்டை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

யார் யார் சேரலாம்?

குடும்பத் தலைவர், அவருடைய மனைவி அல்லது கணவர், அவர்களை நம்பியிருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகள் என்றால் வேலை கிடைக்கும் வரை, அல்லது கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை. இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

“எனக்கு ஒரு காணி நிலம் இருக்கே, என்னைச் சேர்ப்பாங்களா?” என்று சிலர் தயங்குகிறார்கள். கணக்கில் வருவது குடும்பத்தின் ஆண்டு வருமானம். மாதம் பத்தாயிரம் என்று வைத்துப் பாருங்கள். அதற்குள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

எப்படிச் சேருவது?

1. கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறை அதிகாரியிடமோ வருமானச் சான்று வாங்குங்கள்.

2. ரேஷன் கார்டு, வீட்டில் எல்லாருடைய ஆதார் அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அசலோடு நகலும் இருக்கட்டும்.

3. வேலூர் சாலையில் வேங்கிக்கால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போங்கள். புகைப்படம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வீட்டில் உள்ளவர்களையும் அழைத்துப் போவது நல்லது.

4. பதிவு எண்ணைத் தனியாக ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அட்டை தொலைந்தாலும் எண் இருந்தால் கவலையில்லை.

சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லாத தொலைபேசி இருக்கிறது.

முடிச்சு எங்கே விழுகிறது?

பெரும்பாலும் முடிச்சு விழுவது பெயரில்தான். ரேஷன் கார்டில் “முருகன்”, ஆதாரில் “முருகன் கோ.”, வேறொரு தாளில் “முருகேசன்”. நாமெல்லாம் ஒரே ஆள் என்று அறிவோம், கம்ப்யூட்டர் அறியாது. மூன்று தாளையும் ஒரே பாயில் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது மருமகள் பெயர். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகியிருக்கும். பெயர் இன்னும் தாய் வீட்டுக் கார்டிலேயே இருக்கும். அங்கே நீக்கி, இங்கே சேர்த்தால்தான் அவரும் இந்தக் குடும்பத்தில் கணக்கு. குழந்தை பிறந்தாலும் அப்படியே. இதற்கு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு செய்கிற காரியமும் இல்லை. அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்யுங்கள் என்கிறேன்.

பழைய அட்டை வைத்திருப்பவர்கள் “எங்களுக்குத்தான் இருக்கே” என்று இருந்துவிடக் கூடாது. அந்த அட்டை இப்போது செல்லுமா, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று தொலைபேசியிலோ பதிவு மையத்திலோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வது?

திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் மட்டுமே இந்த அட்டை செல்லும். ஒரே ஆஸ்பத்திரியில் கூட எல்லா வைத்தியத்துக்கும் அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே, படுக்கையில் சேரும் முன்பே “இந்த ஆபரேஷனுக்கு இங்கே காப்பீடு உண்டா?” என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அவர்கள் விண்ணப்பித்து முன் அனுமதி வாங்குவார்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால், அதே தொலைபேசியில் புகார் சொல்லலாம்.

இருதய ஆபரேஷன், புற்றுநோய், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் என்று பெரிய செலவுகளுக்கு இது கைகொடுக்கும். ஆனால் சளி, காய்ச்சலுக்கு மருந்து வாங்க இந்த அட்டையை நீட்டக் கூடாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே மாத்திரை வருகிறது.

“கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி இலவசம்தானே, அங்கே அட்டை எதுக்கு?” என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அட்டையைக் காட்டுங்கள். உங்கள் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கு வரும். கருவியும் வசதியும் பெருக அது உதவும். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அது நீங்கள் செய்த உபகாரம்.

ரேஷன் கார்டே இல்லாதவர்கள்?

ஆசிரமத்தைச் சுற்றியும் கிரிவலப் பாதையிலும் சாதுக்கள், வீடு வாசலை விட்டு வந்த முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். குடும்பம் இல்லாதவரிடம் குடும்ப அட்டை எங்கே இருக்கும்? இவர்களுக்குத்தான் பதிவு செய்வது கஷ்டம். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பு தரும் திட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. அதற்கு ஆதாரில் உள்ள வயதுதான் ஆதாரம். இதைப் பற்றிப் பதிவு மையத்தில் அவர்களுக்காக நீங்கள் கேட்டுச் சொல்லலாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கோ எந்த அட்டையும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆகவே, இந்த வாரம் மூன்று வேலை. தாள்களை ஒத்துப் பாருங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் மனு கொடுங்கள். அக்கம்பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவரையாவது உங்களோடு வேங்கிக்காலுக்கு அழைத்துப் போங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும்தான். ஆனால் மாடு கொட்டகையிலேயே நிற்கும்; தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கும்.