உயிரணுவுக்குள் புரதங்களின் உறவு

தலைமையாசிரியர் அறையில் தனியே நிற்கும் மாணவன் ஒருவிதம். இடைவேளையில் தோழரிடையே நிற்கும் அதே மாணவன் வேறுவிதம். புரதங்களும் அத்தகையனவே.

உடலின் வேலையாட்கள் புரதங்கள். அவை ஒன்றோடொன்று கூடியும் பிரிந்துமே உயிர்ப்பணிகளை நடத்துகின்றன. நெடுங்காலம் அறிவியலார் அவற்றை உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்து, தூய கரைசலில் இட்டே ஆராய்ந்தனர். ஆனால் உயிரணுவின் உட்புறம் தெளிந்த நீரன்று. பாக்டீரியாவினுள் லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை பெருமூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கின்றன.

அந்நெரிசலைக் கலைக்காமல் உள்ளே காண இயலுமா? இயலும். அதற்குரிய வழி அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. 1946இல் பிளாக், பர்செல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தனித்தனியே நிறுவிய இம்முறைக்கு 1952இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்திற்கும் இதுவே அடிப்படை. வலிய காந்தப்புலத்தில் சில அணுக்கருக்கள் தமக்குரிய வானொலி அலைக்கு மட்டுமே மறுமொழி தரும். அண்டையிலுள்ள அணுக்கள் மாறினால் அவ்வலைவெண்ணும் சிறிது மாறும். அம்மாற்றமே நமக்குச் செய்தி.

ஆயிரக்கணக்கான புரதங்களிடையே ஒன்றன் குரலை மட்டும் பிரித்துக் கேட்பது எங்ஙனம்? இயற்கையில் ஆயிரம் நைட்ரஜன் அணுக்களில் நான்குக்கும் குறைவானவையே நைட்ரஜன்-15 வகை. அதனைப் பாக்டீரியாவுக்கு உணவாக ஊட்டி, அவ்வேளையில் வேண்டிய புரதத்தை மிகுதியாக உண்டாக்கச் செய்வர். அப்புரதம் அடையாளம் பெறும். 2001இல் டோட்ச் குழுவினர் இவ்வழியைக் காட்டினர். 2006இல் ஷெக்ட்மன் குழுவினர் மேலும் ஒருபடி சென்றனர். முதற்புரதம் உண்டானபின் பாக்டீரியாவைச் சாதாரண உணவுக்கு மாற்றி, இரண்டாம் புரதத்தை உண்டாக்கச் செய்தனர். இரண்டும் கூடியபோது, தொடப்பட்ட இடங்களின் குறிகள் நகர்ந்தன அல்லது மங்கின.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பெரிய துணையோடு ஒட்டிய புரதம் மெதுவாகவே சுழலும். அதன் குறி மறைந்துவிடும். எனினும், மறைவதும் ஒரு செய்தியன்றோ?

இதனால் பயன் என்ன? பார்க்கின்சன் நோயில் ஆல்பா-சைனூக்ளின் என்னும் புரதம் மூளையில் திரள்கிறது. நலமான பாலூட்டி அணுக்களுக்குள் அது நிலையான மடிப்பின்றியே இருப்பதை 2016இல் செலெங்கோ குழுவினர் கண்டனர். வேறு சில காப்புப் புரதங்கள் அதனைப் பற்றியிருப்பதும், அப்பிடியைத் தடுத்தால் அது இழைமணிகளிடம் சென்று திரள்வதும் 2019இல் வெளியான ஆய்வால் தெரியவந்தன. தனியே வைத்துப் பார்த்திருந்தால் இவ்வுறவு புலப்பட்டிராது.

ஆசிரியர்களே, கரும்பலகையில் உயிரணுவை வரையும்போது நடுவில் வெற்றிடம் விடுகிறோம். அது வெற்றிடமன்று, நெரிசல் மிக்க சந்தை என ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள்.