ஒரு பிள்ளையின் படம், ஆயிரம் பிள்ளைகளின் படம்

"பையன் பத்தாவது முடிக்கப்போறான். மூளைய ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தா எந்த குரூப் சரியா வரும்னு தெரிஞ்சிடாதா, தம்பி?" டீயை நீட்டியபடி கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. தெரியாது அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. உட்கார்ந்து சொன்னேன்.

மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியில் எக்ஸ்ரே கிடையாது. வலுவான காந்தமும் ரேடியோ அலையும்தான். அதனால் நோயில்லாத பிள்ளைகளையும் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படம் எடுக்கலாம். அமெரிக்காவில் நிதின் கோக்டே குழுவினர் 13 பிள்ளைகளை இப்படித் தொடர்ந்து எடுத்து, 4 வயது முதல் 21 வயது வரை மூளை மாறும் விதத்தை 2004-இல் வெளியிட்டார்கள். பிள்ளை வளர வளர, மூளையின் மேற்பரப்பிலுள்ள சாம்பல்நிறப் பகுதி மெலிகிறது. அசைவு, தொடுதல் போன்றவற்றுக்கான இடங்கள் முதலில் பக்குவமடைகின்றன. பொறுத்து யோசிக்கவும் திட்டமிடவும் வேண்டிய நெற்றிப்பக்கம் மிகவும் தாமதமாக.

"மெலிஞ்சுபோனா மக்கு ஆயிடமாட்டானா?"

மாட்டான். நம் தெருவில் காலி மனை கிடந்தால் ஆளாளுக்கு ஒரு வழியில் நடப்பார்கள். நாளடைவில் எல்லோரும் போகும் ஒற்றையடிப் பாதை நிலைக்கும், மற்றதில் புல் மூடிவிடும். மூளையிலும் குழந்தைப் பருவத்தில் இணைப்புகள் தேவைக்கு மேல் உண்டாகின்றன. பயன்படாதவை உதிர்கின்றன. பயன்படும் நரம்பிழைகள்மேல் கொழுப்புப் படலம் படிந்து, செய்தி விரைவாகப் போகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் திரட்டி 2022-இல் வந்த ஆய்வின்படி, சாம்பல்நிறப் பொருள் ஆறு வயதை ஒட்டி உச்சம் தொடுகிறது. அந்தப் படலம் படிந்த வெண்ணிறப் பொருளோ 29 வயதை நெருங்கும்போதுதான். பதினைந்து வயதுப் பையனின் மூளையில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவனிடம் போய் முடிவு கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே மூளையின் அளவும் வடிவமும் நிறைய வேறுபடும். படத்துக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது. அதை நம்பகமாகப் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று அதே 2022-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. அதற்கு முன் வந்த ஆய்வுகள் பலவற்றில் இருந்தது இருபத்தைந்து பேர் அளவுக்குத்தான். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தொடரும் அமெரிக்காவின் ஏ.பி.சி.டி. ஆய்வில் கிட்டத்தட்ட 11,900 பிள்ளைகளைச் சேர்த்ததற்கு இது ஒரு காரணம். ஒரு பிள்ளையின் ஸ்கேனை வைத்துப் பாடப்பிரிவு சொல்கிறோம் என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள், அக்கா.

ஆனால் ஆயிரம் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸை மையமாகக் கொண்டு, விவேக் பெனகல் உள்ளிட்டோர் நடத்தும் சி-வேதா ஆய்வில் 6 முதல் 23 வயதுவரை ஆயிரக்கணக்கான இந்தியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் 1,014 பேரைப் பற்றிய கட்டுரை 2023-இல் வந்தது. சிறுநீரில் ஆர்சனிக் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூளையின் சில இடங்களில் சாம்பல்நிறப் பொருள் குறைவாக இருந்தது. யோசித்துச் செயல்படும் திறனும் குறைந்திருந்தது. ஆர்சனிக்தான் காரணம் என்று இது ஒன்றே நிரூபித்துவிடாது. ஆனாலும் குடிக்கிற தண்ணீர், தின்கிற சோறு வழியாக உள்ளே போகும் விஷம் அது. என்னைக் கேட்டால், பிள்ளையின் தலைக்குள் பார்ப்பதைவிட அவன் குடிக்கும் தண்ணீரைப் பார்ப்பது அவசரம்.

விமானம் ஒன்று இரைச்சலோடு மேலே போனது. அக்கா பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். சென்னை விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் பொழிச்சலூரில் இது எல்லோருக்கும் பழகிப்போன இடைவெளி. இதைப் பற்றியும் ஆய்வு உண்டு என்றேன். ஸ்கேன் இல்லாமலே செய்தது. ஜெர்மனியின் மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடி, வேறிடத்தில் புதியதைத் திறந்தார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். புதிய நிலையத்தின் அருகே வாசிப்பும் நீண்டகால நினைவும் பின்தங்கின. பழைய நிலையத்தின் அருகே, இரைச்சல் நின்றபின், அவை தேறின.

"அப்போ திரும்ப வருமா?" என்று கேட்டார் அக்கா.

அங்கே வந்தது.