காந்தமும் கட்சியும்



ஆம்பூரை அடுத்த பள்ளியொன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரே பலகையில் இரு சிறுவர் அமர்ந்திருந்தனர். ஒருவனுடைய தந்தை தோல் பதனிடும் தொழிலாளி; மற்றவனுடைய தந்தை பாலாற்றங்கரை உழவர். 1996 ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், நீரையும் நிலத்தையும் மாசுபடுத்தியோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டுமென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் தெருவில் 'பிழைப்பா, தண்ணீரா' என்று இரு கட்சிகள் எழுந்தன. அச்சிறுவரும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். தீயவர் எவரும் தூண்டாமலே ஊர் இவ்வாறு பிளவுபடுமா?

இதற்கு இயற்பியல் ஒரு விளக்கம் தருகிறது. இரும்பினுள் எண்ணற்ற நுண்காந்தங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் அண்டையிலுள்ளது நோக்கும் திசையையே தானும் நோக்க விழைகிறது. வெப்பமோ அவ்வொழுங்கைக் கலைக்கிறது. இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சினால் அதன் காந்தத்தன்மை அகன்றுவிடும். லென்ஸ் என்பார் 1920இல் வகுத்த இக்கணக்கை அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங் ஆராய்ந்து 1925இல் வெளியிட்டார். பிற்காலத்தார் நுண்காந்தத்தின் இடத்தில் மனிதரை வைத்து அரசியல் பிளவை ஆராயலாயினர். நம் நாட்டிலும் கொல்கத்தா அறிஞர்களான பரோங்கமா சென்னும் பிகாஸ் சக்ரவர்த்தியும் இத்துறை பற்றி நூல் எழுதியுள்ளனர்.

நீங்களே செய்து பார்க்கலாம். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் காசுகளைப் பூவா தலையா போட்டு வையுங்கள். பிறகு ஏதேனும் ஒரு காசைத் தொட்டு, அண்டைக் காசுகளில் பெரும்பான்மை எதுவோ அதன்படி அதைத் திருப்புங்கள். சமமாயின் சுண்டிப் பாருங்கள். இவ்வாறே தொடர்ந்தால், சில வேளை பலகை முழுதும் ஒரே முகமாகும். சில வேளை பலகை இரு பட்டைகளாகப் பிரிந்து உறைந்துவிடும். எல்லையில் உள்ள காசுக்கும் மூன்று பக்கம் தன் கட்சி, ஒரு பக்கமே மாற்றுக் கட்சி. ஆகவே அதுவும் அசையாது. எக்காசிலும் பகையில்லை. அண்டையாரை ஒத்திருக்கும் விருப்பமே பிளவை நிலைநிறுத்திவிட்டது.

இவ்வுறைவை உடைப்பது எது? வெப்பம். இங்கே வெப்பம் என்பது சினத்தின் சூடன்று. அண்டையார் அனைவரும் ஒன்று கூறினும், ஒரோவழி தானே எண்ணி மாறுபடும் உரிமையே அது. கட்சிகள் கொதிப்பதாக நாம் கூறும் பொழுது, இக்கணக்கின்படி ஊர் உண்மையில் குளிர்ந்து உறைந்திருக்கிறது!

ஆயினும் மனிதர் காசுகள் அல்லர். எப்பக்கம் நியாயம் என்பதை இக்கணக்குக் கூறாது. கிணற்று நீரின் உவர்ப்பை அளந்தறிய வேண்டும். தொழிலாளியின் கூலியையும் கேட்டறிய வேண்டும். பெரும்பான்மையால் இவை மாறா.

ஒரு நாள் உழவர் மகன், தொழிலாளி மகனைத் தன் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று நீரைச் சுவைக்கச் செய்தான். அவனோ, ஆலை மூடிய மாதங்களில் தன் வீட்டில் அடுப்பு எரியாத கதையைச் சொன்னான். இருவரும் கட்சி மாறவில்லை. மறுநாள் முதல் ஒரே பலகையில் அமர்ந்தனர்.

உங்கள் பலகையில் உங்களோடு மாறுபடுபவன் யார்? நாளை அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.