கூட்டத்திலிருந்து மேடையேறும் ஏழை

ஐந்நூறு ஆண்டுப் பழைமையான நகைச்சுவை நாடகத்தைக் கலைவிழாவுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் அதன் வயதைத்தான் முன்னிறுத்துகிறார்கள். வயதைக் கேட்டால் மரியாதை வரும், சிரிப்பு வராது. ஸ்காட்லாந்துக் கவிஞர் டேவிட் லிண்ட்சேக்கு இது தெரிந்திருந்தது. அரசவையின் தலைமைக் கட்டியக்காரர் அவர். அறிவிப்பதே அவர் தொழில். 'மூன்று குடிவகுப்பினர்' என்ற அவருடைய அங்கத நாடகம் 1552இல் கூப்பர் நகரில் நடக்கவிருந்தபோது, அதைப் பறைசாற்றவே தனியாக ஒரு கேலிக்கூத்து எழுதினார். வாய்ச்சவடால் வீரனையும் இளம் மனைவியைப் பூட்டிவைத்து ஏமாறும் கிழவனையும் காட்டிச் சிரிக்கவைத்த பிறகே, ஜூன் 7 அன்று கோட்டைக் குன்றுக்கு வாருங்கள், குடுவை நிறைய மதுவும் கொண்டுவாருங்கள் என்று அழைக்கிறது அந்த அறிவிப்பு. நாடகத்தின் ருசியைக் காட்டுவதுதான் நாடகத்துக்கு விளம்பரம்.

நாடகத்துக்குள்ளும் இதே சூட்சுமம்தான். இடைவேளையில் கூட்டத்திலிருந்து ஓர் ஏழை மேடையேறி, அரசனின் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறான். விரட்டினாலும் போகமாட்டேன் என்கிறான். அப்பன் செத்தபோது ஒரு மாடு, ஆத்தா செத்தபோது ஒரு மாடு, பெண்டாட்டி செத்தபோது மிச்சமிருந்த மாடு என்று பாதிரியார் ஓட்டிப்போன கதையைச் சொல்கிறான். இவனே திரைக்குப் பின்னாலிருந்து வந்தால் இன்னொரு நடிகன், அவ்வளவுதான். 1948இல் எடின்பரோ விழாவுக்காக இந்நாடகத்தை எடுத்த இயக்குநர் டைரோன் கத்ரி, படச்சட்ட மேடைகளை ஒதுக்கிவிட்டு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பேரவைக் கூடத்தைத் தேர்ந்ததற்குப் பொருள் இங்கே இருக்கிறது. (கத்தோலிக்கக் குருமாரைக் கிழிக்கும் நாடகம்; முற்றத்தில் சிலையாக நிற்கும் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ் ஆட்சேபித்திருக்க மாட்டார்.) விவாதத்துக்காகக் கட்டிய கூடத்தில் மேடையை முன்தள்ளிப் போட்டு, மூன்று பக்கமும் மக்களை உட்காரவைத்தார். எதிர்வரிசையில் சிரிப்பவர் முகம் நமக்குத் தெரிகிறது. ஏழையும் நம் பக்கத்திலிருந்தே எழுந்து போகிறான். 1949லும் 1951லும் விழா இதே நாடகத்தை மறுபடி அழைத்துக்கொண்டது.

1554இல் எடின்பரோவில் காலையில் தொடங்கி மாலைவரை ஓடிய நாடகத்தைக் கத்ரியின் மேடைக்காக ராபர்ட் கெம்ப் வெட்டிச் சுருக்கியது துரோகம் இல்லையா என்று கேட்கலாம். லிண்ட்சேயே 1540இல் லின்லித்கோ அரண்மனையில் நடந்த சிறு நாடகத்திலிருந்து இதை வளர்த்தெடுத்தவர். ஊருக்கு ஊர் மாற்றியவர். முழுவடிவம் வேண்டியவர்களுக்கு அதே லின்லித்கோவில் 2013இல் அதுவும் கிடைத்தது. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஸ்காட்டியத் தலைநகரில் ஸ்காட்டிய மொழி நாடகம், வென்றது ஊர்ப்பற்றுதானே, மேடைக்கு என்ன பெருமை? ஊர்ப்பற்றுக்குப் பங்கே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் 1953இல் கத்ரி இதே மேடை அமைப்பைக் கனடாவின் ஸ்ட்ராட்போர்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ரயில் பட்டறை ஊரில், கூடாரத்துக்குள் நடந்தது ஷேக்ஸ்பியர். உள்ளூர்ப் பெருமைக்கு அதில் இடமில்லை. கூட்டம் வந்தது, கூடாரத்தைப் பிரித்து 1957இல் நிரந்தர அரங்கு எழுப்பியபோதும் அந்த மேடையை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.