வலி போனால் போதுமா?

தண்ணீர்க் குடம் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாளில் வலி போனதும், 'இனி எதுக்கு?' என்று பயிற்சியை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றுப் பாறையில் தடுமாறி, கையில் பிடித்திருந்த மகளோடு விழுந்தேன். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

பிசியோதெரபிஸ்ட் அம்மா கடிந்துகொண்டார்: "வலி போனாலும், முதுகெலும்பை ஒட்டித் தாங்குற சின்னத் தசை தானாத் தேறாதும்மா. 1996-லேயே ஆஸ்திரேலியாவில் ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்காங்க. பயிற்சி செஞ்சவங்களுக்குத்தான் நல்லாத் தேறிச்சு. தடுமாறும்போது நம்மைப் பிடிச்சு நிறுத்துறதில் அதுக்கும் பங்குண்டு."

இப்போது தினமும் தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டிப் பத்து எண்ணுகிறேன். குழம்பு கொதிக்கும் நேரத்தில் மேடையைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கிறேன். இந்த முறை அதே பாறையை மகளோடு தாண்டிவிட்டேன்!

தோழிகளே, வலி விட்டாலும் பயிற்சியை விடாதீங்க!

- ஒரு வாசகி, ராஜபாளையம்.