சாம்பு ராத்திரி எங்கே படுப்பது?



பூனையைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் என் தோழிகள் சிரித்தார்கள். "பூனை ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டுன்னு எழுதப் போறியா?" என்று கேட்டார்கள். இல்லை. இது எங்கள் வீட்டில் ஐப்பசி மாதம் ஆரம்பித்துத் தை வரைக்கும் நடந்த சண்டையைப் பற்றியது. சண்டைக்குக் காரணம் இரண்டே கேள்விதான். ராத்திரி பூனை எங்கே படுப்பது? ராத்திரி பூனை எங்கே வெளிக்குப் போவது? (மூக்கைப் பிடிக்காமல் படியுங்கள்.)

எங்கள் பூனையின் பெயர் சாம்பு. நிறமும் சாம்பல், படுப்பதும் சாம்பலில். மேலே உள்ள படம் தம்பி வரைந்தது. மீசையை அதிகமாகப் போட்டுவிட்டான். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும் வெந்நீர் போடவும் குளிர் காயவும் விறகடுப்பு உண்டு. ராத்திரி தணல் அவிந்ததும் சாம்பு அடுப்புக்குள்ளேயே போய்ச் சுருண்டுகொள்ளும். அப்பத்தாவுக்கு அதுதான் ஆகாது. "அடுப்புல பூனை தூங்குதுன்னு யாருக்குச் சொல்லுவாக தெரியுமாடி? ஒலை வைக்க அரிசி இல்லாத வீட்டுக்குச் சொல்லுவாக. நம்ம வீட்டுக்கு என்ன கேடு?" என்று விளக்குமாற்றை எடுக்கும்.

அம்மாவின் கட்சி வேறு. பூனை ராத்திரி வெளியே மாட்டுக் கொட்டத்தில் கிடக்க வேண்டும், வெளிக்கும் தோட்டத்துப் பக்கமே போய்க்கொள்ள வேண்டும், காலையில் பாலுக்கு வந்தால் போதும். நான் என் கம்பளிக்குள் படுக்கட்டும் என்பேன். அப்பா எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் விதை உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கிற அறையில் எலி சத்தம் கேட்டால் மட்டும் "பூனை எங்க போச்சு?" என்று கேட்பார்.

முதலில் படுக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூனையின் உடம்புச் சூடு சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், நம்மைவிடக் கொஞ்சம் அதிகம். சுற்றியுள்ள காற்று 30 முதல் 38 டிகிரிக்குள் இருந்தால்தான் அதற்கு நடுங்கவும் வேண்டாம், இளைக்கவும் வேண்டாம். அதாவது மதுரையில் நமக்கு ஃபேன் போடத் தோன்றும் சூடுதான் அதற்கு இதம். காரணம் அதன் பூர்வீகம். வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட பூமியில் திரிந்த காட்டுப்பூனைகள். மனிதனோடு அவை சேர்ந்ததும் அந்தப் பக்கம்தான். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழியை ஒட்டியே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-ல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட வம்சத்தைக் கொண்டுவந்து நம்ம பள்ளங்கி மார்கழிப் பனியில் விட்டால் அது அடுப்பைத் தேடாமல் என்ன செய்யும்? புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற விடியற்காலையில் நாமே போர்வையை விட்டு வருவதில்லை.

வெளியே விடுவதில் இன்னொரு பயமும் உண்டு. நம் மலையில் சிறுத்தை இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாயையே தூக்குகிற சிறுத்தைக்குச் சாம்பு ஒரு வாய்.

விடிகாலை நாலரைக்குக் கதவைப் பிறாண்டுவது ஏன் என்றும் கேட்பீர்கள். பூனை பகல் விலங்கும் இல்லை, முழு ராத்திரி விலங்கும் இல்லை. பொழுது சாயும் நேரமும் பொழுது விடியும் நேரமும்தான் அது வேட்டையாடும் நேரம். அதைத் திட்டி மாற்ற முடியாது. ஆனால் நாம் படுக்கிறதுக்கு முன்னால் கயிற்றை இழுத்து நன்றாக ஓடவிட்டு, அப்புறம் சோறு வைத்தால் தின்றுவிட்டு நக்கிக்கொண்டு தூங்கிவிடும். எனக்கு அரை மணி நேரத் தூக்கம் கூடியது.

இதுவரைக்கும் விளையாட்டுச் சண்டைதான். ஐப்பசியில் வளைகாப்பு முடிந்து அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு ராத்திரியே சாம்பு அவள் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. விஷயம் பெரிதாகிவிட்டது. "புள்ளத்தாச்சி பக்கத்துல பூனை ஆகாது, வயித்துப் பிள்ளைக்குக் கேடு" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அம்மா அப்பாவிடம், "சாக்குல கட்டி, கீழ போற வண்டியில குடுத்து விட்டுருங்க, எங்கயாச்சும் எறக்கி விடட்டும்" என்று சொல்லிவிட்டது. சாக்கும் எடுத்து வைத்தாச்சு. நான் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காதான், "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க" என்றாள். அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சொல்றவங்க சும்மா சொல்லல, ஆனா பாதிதான் சரி" என்றார். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது. ஒரே செல்தான். 1908-ல் டூனிஸ் நகரத்தில் ஒருவகை எலியினத்தின் உடம்பில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் பூனைக்கும் இதற்கும் உள்ள உறவு 1970 வாக்கில்தான் தெளிவானது. இந்த ஒட்டுண்ணி பல விலங்குகளின் உடம்பில் தங்கும். ஆனால் அதன் முட்டை போன்ற உறைகள் பூனைக் குடும்பத்து விலங்குகளின் மலத்தில் மட்டுமே வெளியே வரும். (இனி முட்டை என்றே எழுதுகிறேன்.) எலியையோ பச்சைக் கறியையோ தின்று பூனைக்கு இது முதல் முறை ஒட்டும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை முட்டைகள் வெளியே வரும். அதற்குப் பிறகு பெரும்பாலும் வராது.

கர்ப்பமாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு இது முதன்முதலாக ஒட்டினால் வயிற்றுக் குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம். பாட்டிமார் பயப்பட்டது வீண் இல்லை. ஆனால் ஒட்டுகிற வழிதான் வேறு. பூனை காலடியில் படுப்பதாலோ தடவிக் கொடுப்பதாலோ சாதாரணமாக ஒட்டாது. முட்டை வாய்க்குள் போக வேண்டும். அதிலும் இப்போதுதான் வெளியே வந்த மலத்தில் இருக்கும் முட்டை உடனே ஒன்றும் செய்யாது. அது முதிர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் வரை ஆகும். முதிர்ந்த பிறகு ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேல்கூடக் கிடக்கும்.

இந்த இடத்தில் டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "பூனை இப்ப எங்க வெளிக்குப் போகுது?"

அம்மா, "தோட்டத்துலதான் மேடம், வீட்டுக்குள்ள விடுறதே இல்ல" என்று பெருமையாகச் சொன்னது.

"தோட்டத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"கேரட்டு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம்தான் தோட்டத்தில் ஒரு கேரட்டைப் பிடுங்கி, சேலையில் ரெண்டு தேய் தேய்த்துக் கடித்துத் தின்றாள். நாம் எல்லாரும் அப்படித்தானே தின்கிறோம்? பூனைக்குப் பொலபொலவென்று கொத்திவிட்ட மண்தான் பிடிக்கும். தோண்டவும் மூடவும் சுகம். கொத்தி, களை எடுத்து, உரம் போட்ட கேரட் பாத்தியை விட்டால் அதற்கு வேறு நல்ல இடம் ஏது?

பூனையை ராத்திரி வெளியே விட்டால் அக்காவுக்குப் பாதுகாப்பு என்று அம்மா நினைத்தது. உண்மையில் அதுதான் மலத்தைக் கொண்டுபோய் அக்கா தின்கிற கேரட்டுக்குப் பக்கத்தில் புதைத்து, மாதக்கணக்கில் முதிரவிடுகிற ஏற்பாடு. சாம்புவைச் சாக்கில் கட்டி அனுப்பினாலும் பாத்திக்குள் இருப்பது அங்கேயேதான் இருக்கும். ஊரில் வேறு பூனைகளும் உண்டு, அவையும் அதே பாத்திக்குத்தான் வரும். அரைவேக்காட்டுக் கறியிலும் இது வரலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். அது தெரிந்ததும் அப்பத்தா சுட்ட கறி கொடுப்பதை நிறுத்திவிட்டது.

அக்காவுக்கு அவர் சொன்னது: கேரட், முள்ளங்கி, கீரை எதுவானாலும் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், முடிந்தவரை வேகவைத்துத் தின்ன வேண்டும். தோட்டத்து மண்ணில் வெறுங்கையோடு வேலை பார்க்கக் கூடாது. பூனை அசிங்கத்தை அவள் அள்ளவே கூடாது. வேறு யாராவது தினமும் அள்ள வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது. பூனைக்கு வெந்த சோறும் வெந்த மீனும் மட்டும் வைக்க வேண்டும். "வேறு யாராவது" என்று சொல்லும்போது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

சாக்கு மறுபடியும் பரணுக்குப் போய்விட்டது.

அப்புறம் பெட்டி. பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றை விறகு அடுக்கும் மூலையில் வைத்தோம். முதலில் அப்பத்தா யோசனைப்படி அடுப்புச் சாம்பலைக் கொட்டினோம். சாம்பு போனது, மூடியது, அந்தக் காலோடு என் சமூக அறிவியல் நோட்டின் மேல் நடந்தது. அடுத்தது மணல். ஐப்பசி கார்த்திகை மழையில் மணல் காயவே இல்லை. ஈர மணலில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, காலை உதறிக்கொண்டு போய் உருளைக்கிழங்கு மூட்டை மேல் போய்விட்டது. அப்பா அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு கட்சியில் சேர்ந்தார், அது அம்மா கட்சி.

இதே கதை அமெரிக்காவில் 1947-ல் நடந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் காசோபோலிஸ் என்ற ஊரில் எட்வர்ட் லோ என்பவர், அப்பாவின் தொழிலில் மரத்தூளும் எண்ணெய் உறிஞ்சும் களிமண்ணும் விற்றுக்கொண்டிருந்தார். ஜனவரி மாதம், கடும் பனி. பக்கத்து வீட்டம்மா, பூனைக்கு வைக்கும் மணல் உறைந்துபோய்விட்டது, சாம்பல் போட்டால் வீடெல்லாம் கால் தடம் ஆகிறது என்று வந்து நின்றாராம். அவர் அந்தக் களிமண்ணைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நம் பெண்கள் முகத்தில் பூசுகிற முல்தானி மிட்டியும் அந்த வகைதான். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாற்றத்தையும் அடக்கும். பிறகு பையில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் சும்மா கிடைக்கும்போது இதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று கடைக்காரர் கேட்டாராம். அந்தப் பையிலிருந்துதான் இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற பூனை மண் வியாபாரம் வளர்ந்தது.

நமக்குக் காசு கொடுத்து வாங்க முடியாது. மரம் அறுக்கிற இடத்தில் மரத்தூள் சும்மா கொடுத்தார்கள். காய்ந்த செம்மண்ணைச் சலித்து அதோடு பாதிக்குப் பாதி கலந்தோம். சாம்பு இரண்டு நாள் முகர்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் போனது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கு என்னை எழுப்பணுமா?" என்று திட்டு விழுந்தது.

ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். மூட்டை மேல் போன இடத்தில் நாற்றம் போகவில்லை என்று அம்மா ஃபினாயில் ஊற்றியது. அதில் நடந்துவிட்டுச் சாம்பு காலை நக்கியது. அன்று முழுக்க எச்சில் வடிந்தது, சோறு தின்னவில்லை. பூனையின் ஈரலுக்கு அந்தச் சரக்கை முறிக்கும் சக்தி நம் ஈரலுக்கு இருப்பது போல் இல்லை. அதனால் பூனை உள்ள வீட்டில் அது நடக்கிற இடத்தில் ஃபினாயில் ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும். பேசினைக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நான் சொன்ன முட்டை பிளீச்சிங் பவுடருக்கும் சாகாது, நல்ல சூட்டுக்குத்தான் சாகும்.

தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் கையில் கவர் மாட்டிக்கொண்டு நான்தான் அள்ளுகிறேன். பாத்திக்கும் ஓடைக்கும் தள்ளி ஆழமாகக் குழி தோண்டி அதில் போட்டு மூடுகிறோம். பாத்தியின் மேல் முள்ளு மாரைப் பரப்பியிருக்கிறோம், வெளிப் பூனைகளும் வருவதில்லை.

படுக்கைக்கு ஒரு பேரிக்காய்ப் பெட்டி. உள்ளே அப்பாவின் பழைய ஸ்வெட்டர். அடுப்புச் சுவருக்கு வெளிப்பக்கம் வைத்திருக்கிறோம், ராத்திரி வெகுநேரம் சூடு இருக்கும். அடுப்பு வாயை ஒரு தகரத்தால் மூடியாச்சு. இனி யாரும் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை என்று சொல்ல முடியாது என்பதில் அப்பத்தாவுக்குத் திருப்தி.

தை மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகம். குழந்தை தூளியில் தூங்கும்போது மட்டும் அந்த அறைக் கதவைச் சாத்தி வைக்கிறோம். சூடு தேடிப் போய்ப் பச்சைப்பிள்ளை முகத்தோடு முகம் வைத்துப் படுத்துவிட்டால், பிள்ளைக்குத் தலையைத் திருப்பத் தெரியாது. சாம்பு கதவுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்போது பஞ்சாயத்து வேறு. முழுப் பரீட்சை லீவுக்கு நான் வத்தலக்குண்டில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும். பெட்டியை யார் அள்ளுவது? தம்பி ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் கேட்கிறான். அப்பா மூன்று ரூபாய்தான் என்கிறார். இன்னும் முடிவாகவில்லை.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி